புனேவில் நடந்த சொந்த மைதான ஆட்டம்

2015 டிசம்பர் 12, சனிக்கிழமை. அன்று சாயங்காலம் அப்பா மாடி வீட்டுக்குப் போய், "ஒரு ரெண்டு மணி நேரம் டிவி பாத்துக்கலாமா?" என்று கேட்டார். அப்பா யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய ராத்திரி அந்த மாடி வீட்டில்தான் நாங்கள் நாலு பேரும் ஒண்டிக்கொண்டோம். அதற்கே அவர் கூனிக் குறுகிப்போயிருந்தார். இருந்தும் கேட்டார். அன்றைக்கு இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. அணிக்கு செமி ஃபைனல்.

சென்னை அணியின் சொந்த மைதான ஆட்டம் அது. நடந்தது புனேவில்.

பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கே நடக்க வேண்டிய ஆட்டத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாலேவாடி ஸ்டேடியத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றியதில் தப்பே இல்லை. வெள்ளத்தில் விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்று, சில நாள் விமானமே பறக்காத ஊராக இருந்தது சென்னை. ஆஸ்பத்திரிகளும் நிவாரண முகாம்களும் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் எந்தப் போலீஸை ஸ்டேடியத்துக்கு அனுப்புவது? எல்லாம் புரிந்தது. புரிந்தாலும், அந்தப் புல்லையும் அந்த கேலரியையும் டிவியில் பார்த்தபோது தொண்டை அடைத்தது. நீலச் சட்டை போட்ட எங்கள் பையன்கள் யாரோ ஒருவர் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த அணியைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். வெள்ளத்தைச் சொல்லாமல் எழுத முடியாது என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்பா வியாசர்பாடியில் வளர்ந்தவர். வட சென்னையில் ஃபுட்பால் எப்படிப்பட்ட விஷயம் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேரம், பாக்ஸிங், ஃபுட்பால் மூன்றும் தெருவிலேயே முளைக்கும். அப்பா வெறுங்காலில் ஆடியவர், லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓர முன்கள ஆள். பிறகு ரயில்வேயில் ஃபிட்டர் வேலை, கல்யாணம், ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றை ஒட்டிக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு. ஆட்டம் அதோடு நின்றது. கூடத்தில் ஒரு ஃபோட்டோ மட்டும் மாட்டியிருந்தது. பதினோரு பேர், முன்வரிசை முட்டி போட்டு, நடுவில் பந்து.

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கி, சென்னைக்கும் ஒரு அணி வந்தபோது அப்பா அதை நம்பவில்லை. அபிஷேக் பச்சன் உரிமையாளர், தோனி பங்குதாரர். "இது சினிமாக்காரங்க டீம்டா, ரெண்டு வருஷத்துல கடைய மூடிடுவாங்க" என்றார். நான்தான் டிக்கெட் வாங்கி இழுத்துக்கொண்டு போனேன். 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடானின் தலை முட்டு வாங்கிய மார்கோ மட்டராஸிதான் பயிற்சியாளர். பிரேசிலின் எலானோ ஃப்ரீ கிக் அடித்த விதத்தைப் பார்த்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அவரை முழுசாகக் கட்டிப்போட்டது எலானோகூட இல்லை, மிசோரம் பையன் ஜெஜே லால்பெக்லுவா. "முதுகைக் காட்டிக்கிட்டே பந்தை வாங்குறான் பாரு. அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது" என்பார்.

அந்த முதல் வருஷம் லீக்கில் முதலிடம் சென்னைக்குத்தான். செமி ஃபைனல் என்பது இரண்டு ஆட்டம், இரண்டின் கோலையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஆட்டத்தில் கேரளா கொச்சியில் வைத்து 3-0 என்று அடித்துவிட்டது. திரும்பச் சென்னையில் ஆடிய ஆட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். ஒன்று, இரண்டு, அப்புறம் 90-வது நிமிஷத்தில் ஜெஜே அடித்து மூன்று. மொத்தக் கணக்கு 3-3. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவைத் தூக்கிச் சுற்றினார். கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது, 117-வது நிமிஷத்தில், கேரளாவின் ஸ்டீஃபன் பியர்சன் அடித்தார். முடிந்தது. பார்க் ஸ்டேஷனிலிருந்து கிண்டி வரைக்கும் மின்ரயிலில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லீக்கில் முதலிடம் வந்தும் வெறுங்கையோடு போனதால், அடுத்த வருஷம் எல்லாரும் சென்னையை எதிர்பார்த்தார்கள். 2015 சீசனின் முதல் ஆட்டமே சென்னையில். ஏ.ஆர். ரஹ்மான் எல்லாம் வந்த பெரிய விழா. ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 3-2 தோல்வி. அதற்கடுத்து டெல்லியிடமும் தோல்வி. நடுவில் கோவாவுக்கே போய் 4-0 என்று அடித்து வந்தார்கள், ஸ்டீவன் மெண்டோசாவுக்கு ஹாட்ரிக். ஒரு நாள் புலி மாதிரி ஆடினால் அடுத்த நாள் பந்தை எங்கே அடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பத்து ஆட்டம் முடிந்தபோது கணக்கு இதுதான்: 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி, 10 புள்ளி. எட்டு அணிகளில் எட்டாவது இடம்.

மிச்சம் இருந்தது நாலே ஆட்டம். முதல் நாலு இடத்துக்குள் வந்தால்தான் பிளேஆஃப், அதாவது செமி ஃபைனலும் ஃபைனலும். அப்பா காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். "நாலும் ஜெயிச்சா 22. ஒண்ணு தோத்தாலும் 19. 19 பத்தாது" என்றார். அவர் சொன்னது சரியாகப் போனது. ஐந்தாவதாக வந்து வெளியேறிய நார்த் ஈஸ்ட் அணிக்கே 20 புள்ளி. ஒரே ஒரு ஆட்டத்தை டிரா செய்திருந்தால்கூட எங்கள் கதை இழுபறியில்தான் நின்றிருக்கும்.

நாலையும் ஜெயித்தார்கள்.

எப்படி என்று கேட்டால், எனக்குத் தெரிந்த ஒரே பதில் மெண்டோசாவும் ஜெஜேயும்தான். கொலம்பியாக்காரரான மெண்டோசாவுக்கு அப்போது 23 வயது. அவர் ஓடுகிற வேகத்துக்கு லீக்கில் எந்தப் பின்களமும் ஈடுகொடுக்கவில்லை. ஆனால் வெறும் வேகம் மட்டும் போதாது. யாராவது பந்தைப் பிடித்து வைத்து, எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் இடம் திறக்கும். ஜெஜே செய்தது அந்த வேலை. கோல் பட்டியலில் மெண்டோசா பெயர் 13 முறை இருக்கும், ஜெஜே பெயர் 6 முறை. அந்த 13-ல் எத்தனைக்கு ஜெஜே வழி திறந்தார் என்று பட்டியலைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது, ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் கோல்கீப்பர் அபோலா எடெல். முந்தைய வருஷம் கோப்பை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தவர். அதே கொல்கத்தாவிலிருந்து வந்த இன்னொருவர் எத்தியோப்பியாவின் ஃபிக்ரு. ஃபிக்ருவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவா 25, கொல்கத்தா 23, சென்னை 22, டெல்லி 22. கடைசி இடத்திலிருந்து மூன்றாவது இடம். ஆனால் அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட ஊரில் யாருக்கும் நேரம் இல்லை.

டிசம்பர் 1 ராத்திரி. நாள் முழுக்க மழை விடவே இல்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பதினோரு மணிக்கு வாசப்படியில் இருந்த தண்ணீர், ஒரு மணிக்குக் கட்டிலைத் தொட்டது. அம்மா பீரோவின் மேல்தட்டில் வீட்டுப் பத்திரத்தை வைத்துவிட்டு, பாட்டியைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா கடைசியாக வந்தார். அவர் கையில் கேஸ் அடுப்பின் ரெகுலேட்டர் மட்டும் இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

விடிந்ததும் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெருவே இல்லை, ஆறுதான் இருந்தது. மாடு ஒன்று மிதந்து போனது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து கீழே இறங்கினோம். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. கீழே முட்டிவரைக்கும் சேறு. ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. தெரு முழுக்க நனைந்த மெத்தைகள், பிளீச்சிங் பவுடர் நெடி. அந்த மெத்தை நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அந்த ஃபோட்டோ தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. அப்பா ஃப்ரேமைத் துடைத்து, பின்பலகையைக் கழற்றி, ஃபோட்டோவை மெதுவாக உரிக்கப் பார்த்தார். மேல் பாதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு முகங்கள் கரைந்து வந்தன. அதற்குமேல் இழுக்காமல் அப்படியே விட்டுவிட்டார். கால்களும் பந்தும் மட்டும் தெரிந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியோடு சேர்த்து ஜன்னல் மேடையில் வெயில் படும்படி வைத்துவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுத்தார்.

இதற்கு ஒரு வாரத்துக்குமேல் கழித்துத்தான் மாடி வீட்டுக்குப் போய் டிவி பார்க்கலாமா என்று கேட்டார்.

எதிரில் நடப்புச் சாம்பியன் கொல்கத்தா. அவர்களுடைய போர்ச்சுகல் ஆட்டக்காரர் போஸ்டிகா சீசனின் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டுப் போனாலும், இயான் ஹியூம் மாதிரி ஆட்கள் இருந்த அணி. 38-வது நிமிஷத்தில் பிரேசில்காரர் புரூனோ பெலிசாரி ஒன்று. 57-ல் ஜெஜே. 68-ல் மெண்டோசா. 3-0. மாடி வீட்டு அக்கா டீ கொண்டுவந்து வைத்தார், யாரும் தொடவில்லை. வீட்டில் ஃபுட்பாலே பார்க்காத அம்மா ஜெஜே அடித்தபோது கை தட்டினாள். பத்து நாளில் அம்மா சேற்றைப் பற்றிப் பேசாத முதல் ராத்திரி அது.

நாலு நாள் கழித்துக் கொல்கத்தாவில் இரண்டாவது ஆட்டம். சால்ட் லேக் ஸ்டேடியத்தின் சத்தம் டிவி வழியாகவே பயமுறுத்தும். 22-வது நிமிஷத்தில் கொல்கத்தாவின் லெகிச் அடித்தார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. 87-ல் ஹியூம் இரண்டாவதை அடித்ததும் எனக்குப் போன வருஷத்துக் கேரளா ஞாபகம் வந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் சமம். அப்பா எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார், டிவியைப் பார்க்கவில்லை. கடைசி நேரத்தில் ஒரு கோல். அடித்தது ஃபிக்ரு. தன் பழைய அணிக்கு எதிராக, தன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே மைதானத்தில். தோல்விதான், 2-1. ஆனால் இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-2. சென்னை ஃபைனலுக்குப் போனது.

ஃபைனல் டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மட்கானில் உள்ள ஃபட்டோர்டா ஸ்டேடியம், கோவா அணியின் சொந்தக் கோட்டை. லீக்கில் முதலிடம் வந்த அணி, பிரேசிலின் ஜீக்கோ பயிற்சியாளர், கேலரி முழுக்க அவர்கள் ஆட்கள். அதற்குள் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது, டிவிதான் இல்லை. மறுபடியும் மாடி. இந்த முறை அப்பா கேட்கவில்லை, அவர்களே கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன்களும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

முதல் பாதி கோல் இல்லை. 54-வது நிமிஷத்தில் சென்னைக்குப் பெனால்டி. பெலிசாரி அடித்ததைக் கோவா கீப்பர் கட்டிமணி தடுத்துவிட்டார், ஆனால் திரும்பி வந்த பந்தைப் பெலிசாரியே உள்ளே தள்ளினார். நாலே நிமிஷத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்த ஹாவ்கிப் சமன் செய்தார். 61-ல் சென்னைக்கு இன்னொரு பெனால்டி. லீக்கிலேயே அதிகக் கோல் அடித்த மெண்டோசா வந்து நின்றார். கட்டிமணி அதையும் தடுத்தார். ஏழு நிமிஷத்தில் இரண்டு பெனால்டி தடுத்த கீப்பர்! அந்தக் கணத்தில் கோப்பை கோவாவுக்குத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. 87-ல் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கை உள்ளே போட்டு 2-1 என்று ஆக்கியதும் ஸ்டேடியம் வெடித்தது. தரையில் இருந்த பையன்களில் ஒருவன் எழுந்து செருப்பைத் தேடினான்.

"உக்காருடா" என்றார் அப்பா. "இன்னும் விசில் ஊதல."

90-வது நிமிஷம். கோல் வாயில் கூட்டம், பந்து எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. தடுக்கப் போன கட்டிமணி மேலேயே பட்டு உள்ளே போனது. 2-2. அது அவருடைய சொந்தக் கோலாகப் பதிவானது. அன்றைய ராத்திரி முழுக்க அணியைத் தாங்கிப் பிடித்த மனிதருக்கு இப்படி ஒரு முடிவா என்று எனக்கு இன்றைக்கும் மனசு வலிக்கிறது. ஆனால் அப்போது அப்படி நினைக்கவில்லை, கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் 92-வது நிமிஷம் வந்துவிட்டது. பெனால்டியைத் தவறவிட்ட அதே மெண்டோசா. 3-2.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நாங்கள் மட்டும் கத்தவில்லை. எதிர்வீடு, மூலை வீடு, ஆற்றுப் பக்கத்துக் குடியிருப்பு என்று எங்கெங்கோ சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் இத்தனை பேர் ஃபுட்பால் பார்க்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. வெள்ளத்துக்கு முன்னால் பார்த்திருக்கவும் மாட்டார்கள். கோப்பையைச் சென்னை மக்களுக்குச் சமர்ப்பிப்பதாக அணித் தரப்பில் சொன்னார்கள். அதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. வெள்ளம்தான் இவர்களை ஜெயிக்க வைத்தது என்று பின்னால் நிறையப் பேர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நாலு வெற்றி ஓட்டம் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. அது பயிற்சியாலும் ஆட்டத்தாலும் வந்தது. செத்தவர்களும் வீடிழந்தவர்களும் ஒரு கோப்பைக்கு உரமாக இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளம் வெள்ளம்தான், ஆட்டம் ஆட்டம்தான். இரண்டும் ஒரே மாதத்தில் எங்கள் தலையில் வந்து விழுந்தன, அவ்வளவுதான்.

14 ஆட்டத்தில் 6 தோற்ற அணி எப்படிச் சாம்பியன் ஆகலாம் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. லீக்கில் முதலிடம் வருகிற அணிக்குத் தனி மரியாதை வேண்டும். 2019-20 முதல் அதற்கென்று ஒரு ஷீல்டும் வந்துவிட்டது. 2014-ல் அது இருந்திருந்தால் எங்களுக்குக் கிடைத்திருக்கும். பிளேஆஃப் 2014-ல் எங்களிடமிருந்து பிடுங்கியது, 2015-ல் கொடுத்தது. 2019-20 சீசனில் மறுபடி பட்டியலின் அடியில் தத்தளித்த அணியை ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்து ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனார். கொரோனாவால் ஆளே இல்லாத அதே ஃபட்டோர்டாவில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். அந்தத் தோல்வியையும் முழுசாக ஏற்றுக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை பிளேஆஃப் என்பது விதியைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிற ஒரு ஆட்டம். எட்டாவது இடத்தில் இருக்கும்போது நாலையும் ஜெயித்தாக வேண்டும் என்று தெரிந்து நாலையும் ஜெயிப்பது சாதாரணமா?

2016-ல் ஏழாவது இடம். நேரு ஸ்டேடியத்துக்கு அப்பாவும் நானும் விடாமல் போனோம். 2018-ல் பெங்களூருக்கே போய் 3-2 என்று அடித்து இரண்டாவது கோப்பை வாங்கினார்கள். அந்த ஃபைனலில் நடுக்களத்தில் நின்றவர் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ். அப்பா அன்றைக்கு முழுக்க ஃபோன் போட்டுப் பழைய கூட்டாளிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

2015-க்கே திரும்புகிறேன். ஃபைனல் முடிந்து கோப்பை வாங்குவதெல்லாம் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியபோது மணி பத்து இருக்கும். கூடத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு, கழுவிவிட்ட தரை இன்னும் ஈரமாக இருந்தது. அப்பா ஜன்னல் மேடையிலிருந்து அந்த ஃப்ரேமை எடுத்தார். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, பல்புக்கு நேராகப் பிடித்தார். முகம் இல்லாத பதினோரு பேர். அவர் ஆடிய நாட்களைப் பற்றி அதுவரை எங்களிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இடது ஓரத்தில் மடித்து வைத்த ஒரு ஜோடிக் காலில் விரலை வைத்தார்.

"இவன் கீப்பர். பால்காரர் மகன்" என்றார். விரலை நகர்த்தினார். "இவன் சென்டர் ஹாஃப். இந்த முட்டியில தழும்பு தெரியுதா, ஆணி குத்துனது." ஒவ்வொரு காலாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி ஜோடிக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார்.

"இது நான்."